தெனேர் என்னும் ஸ்பானிய வினையும் நம்முடைய ‘எனக்கு இருக்கிறது’ என்பதும்

ஓடம்போக்கி (திருவாரூர்)

அனைவருக்கும் வணக்கம். ஏழு மாதங்களாக இணைய வகுப்பில் ஸ்பானிய மொழி கற்று வருகிறேன். உடைமையைக் குறிக்கும் ‘தெனேர்’ என்ற வினையை முதல் மாதத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டேன். தெங்கோ, தியெனெஸ், தியெனே, தெனேமோஸ், தெனேய்ஸ், தியெனென் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவேன். ஆனால் அதை ஒரு வாக்கியத்தில் வைத்துப் பேச வேண்டிய நேரத்தில் எல்லாம் கலைந்துவிடுகிறது.

சென்ற வாரத் தேர்வில் “எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்” என்பதை ஸ்பானியத்தில் எழுதச் சொன்னார்கள். நான் “ஆ மீ தியெனென் தோஸ் எர்மானாஸ்” என்று எழுதினேன். ஆசிரியை அதை அடித்துவிட்டு, நான் எழுதியதற்கு ‘அவர்களுக்கு இரண்டு சகோதரிகள்’ என்றுதான் பொருள் வரும் என்றும், முன்னால் வைத்த ‘ஆ மீ’ எதனோடும் ஒட்டாமல் தொங்குகிறது என்றும் குறித்திருந்தார். சரியான விடை “தெங்கோ தோஸ் எர்மானாஸ்”, அவ்வளவுதான். விடையைப் பார்த்ததும் புரிகிறது. பார்க்கும் வரை வரவில்லை. இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அரசலாறு (காரைக்கால்)

இதற்குப் பெரிய வித்தை ஒன்றுமில்லை. என் தாத்தா பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பள்ளியில் படித்தவர். எழுபது வயதிலும் பிரெஞ்சு வினைகளின் திரிபுகளைத் தடையில்லாமல் சொல்வார். ஒவ்வொரு வினையையும் பலகையில் எழுதி எழுதி அழித்ததால் வந்தது என்பார். நீங்களும் நாளுக்கு இருபது வாக்கியம் எழுதுங்கள். மூன்று மாதத்தில் கை தானாக எழுதும்.

வெண்ணாறு (நீடாமங்கலம்)

அம்மா, காரைக்கால் நண்பர் சொல்வதில் தவறில்லை. ஆனால் நீங்கள் மனப்பாடத்தில் தோற்கவில்லை என்பதால் அந்த மருந்து உங்கள் நோய்க்குப் பொருந்தாது. நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் குடும்பம் மாட்ரிட் நகரில் இருக்கிறது. பேரன் தமிழைவிட ஸ்பானியத்தில் வேகமாகப் பேசுகிறான் என்பதால், அவனுடைய பேச்சு புரியட்டும் என்று அறுபது வயதுக்கு மேல் இந்த மொழியைத் தொட்டேன். நீங்கள் செய்த அதே பிழையை நானும் செய்து, அவன் சிரித்தபிறகுதான் காரணத்தைத் தேடினேன்.

உங்கள் தமிழ் வாக்கியத்தில் எழுவாய் எது என்று பாருங்கள். ‘எனக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. அது எழுவாய் அன்று. ‘தங்கைகள்’ என்பதே எழுவாய். அதனால்தான் பயனிலை ‘இருக்கிறார்கள்’ என்று பலர்பாலில் வந்திருக்கிறது. நீங்கள் ஸ்பானியத்திலும் தங்கைகளை எழுவாயாக வைத்து, அவர்களுக்குப் பொருந்தும்படி ‘தியெனென்’ என்று பன்மை வினை போட்டிருக்கிறீர்கள். ‘எனக்கு’ என்பதற்கு ‘ஆ மீ’ என்று தேடியும் வைத்திருக்கிறீர்கள். அதாவது சொற்கள் ஸ்பானியம், வாக்கியம் தமிழ். ஸ்பானியத்தில் உடையவரே எழுவாய், உடைமை செயப்படுபொருள். வினை உடையவரைப் பார்த்துத்தான் விகுதி ஏற்கும்.

அப்படியானால் தமிழில் இதற்கு இணையே இல்லையா என்று சில நாள் யோசித்தேன். இருக்கிறது; நாம் கவனிப்பதில்லை. “நான் ஒரு வண்டி வைத்திருக்கிறேன்”, “அவர் இரண்டு வேலி நிலம் வைத்திருக்கிறார்” என்கிறோமே, அங்கே உடையவர் எழுவாயாகிறார். வினை அவரோடு இயைகிறது. தெனேர் என்பது லத்தீனில் ‘பிடித்திரு, கைக்கொண்டிரு’ என்று பொருள்படும் தெனேரே என்ற வினையிலிருந்து வந்தது. பழைய ஸ்பானியத்தில் உடைமைக்கு ‘ஆபேர்’ என்ற வேறொரு வினையும் இருந்தது. அது மெல்ல மெல்லத் துணைவினையாகச் சுருங்கிப்போக, கையில் பிடிப்பதைக் குறித்த தெனேர் வீடு, நிலம், பிள்ளை, வயது எல்லாவற்றையும் தன்னுடையதாக்கிக் கொண்டது. ஆகவே ஸ்பானிய வாக்கியம் தொடங்கும் முன் மனத்தில் ‘எனக்கு இருக்கிறது’ என்பதை ‘நான் வைத்திருக்கிறேன்’ என்று ஒருமுறை திருப்பிப் போட்டுப் பாருங்கள். ‘தெங்கோ’ தானாக வரும்.

இதைத் தமிழில் உரக்கச் சொல்லிப் பழக வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். “எனக்கு மனைவி இருக்கிறாள்” என்பதை இந்த முறையில் திருப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நான் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து இந்தப் பயிற்சியை வாய்விட்டுச் செய்துகொண்டிருந்தேன், உள்ளிருந்து என் மனைவி, “யாரை வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டபடி வந்து நின்றார்.

ஓடம்போக்கி

ஐயா, மிக்க நன்றி. படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு பத்து வாக்கியம் எழுதிப் பார்த்தேன், ஒன்பது சரியாக வந்தன. ஆனால் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. தெனேர் என்று இருப்பது ஏன் ஓரிடத்தில் ‘தெங்’ என்றும், ஓரிடத்தில் ‘தியென்’ என்றும், ‘நாங்கள்’ வரும்போது மட்டும் மறுபடி ‘தென்’ என்றும் மாறுகிறது? அவசரத்தில் ‘தியெனேமோஸ்’ என்று சொல்லிவிடுகிறேன்.

கடுவையாறு (நாகப்பட்டினம்)

தங்கைக்கு வணக்கம். நான் இலக்கணம் படித்தவன் அல்லன். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். தென் அமெரிக்கத் துறைமுகங்களில் காதால் கேட்டுக் கற்றது மட்டும்தான் என் ஸ்பானியம். காதால் கற்றவனுக்கு இது எளிது. எந்த அசையை அழுத்திச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். ‘தியெனே’ என்பதில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. அந்த அழுத்தத்தில் ‘எ’ என்ற உயிர் ‘இயெ’ என்று பிளந்துகொள்கிறது. ‘தெனேமோஸ்’ என்பதில் அழுத்தம் நடு அசைக்குப் போய்விடுகிறது. முதல் அசையின்மேல் பாரம் இல்லாததால் அது பிளப்பதில்லை. ‘தெனேய்ஸ்’ என்பதிலும் அழுத்தம் கடைசியில். அதனால் அங்கும் பிளவு இல்லை.

இதை நான் நம்பியது புவெனோஸ் ஐரிஸ் துறைமுகத்தில். அர்ஜென்டினாக்காரர்கள் ‘நீ’ என்பதற்கு ‘தூ’ என்று சொல்வதில்லை, ‘வோஸ்’ என்பார்கள். அதற்கு வரும் வினை ‘தியெனெஸ்’ அன்று, ‘தெனேஸ்’. அழுத்தம் கடைசி அசையில். அழுத்தம் நகர்ந்ததும் பிளவும் காணாமல் போய்விட்டது பாருங்கள். பட்டியலில் இது விதிவிலக்கு போலத் தெரியும்; வாயில் சொல்லிப் பார்த்தால் அது அதே விதிதான்.

‘தெங்கோ’ மட்டும் தனிக் கதை. ‘வருகிறேன்’ என்பதற்கு ‘வெங்கோ’, ‘வைக்கிறேன்’ என்பதற்கு ‘பொங்கோ’, ‘வெளியே போகிறேன்’ என்பதற்கு ‘சால்கோ’ என்று ‘நான்’ என்பதற்கு மட்டும் ‘கோ’ வரும் வினைகள் ஒரு கூட்டமாக இருக்கின்றன. அவற்றைக் கூட்டத்தோடு கற்பது நல்லது. அதில் வரும் மூக்கொலி நம்முடைய ங்தான். ‘தெங்கு’ என்று சொல்லத் தெரிந்தவனுக்குத் ‘தெங்கோ’ சொல்லத் தெரியும்.

வெண்ணாறு

நாகைத் தம்பி சொன்ன விளக்கம் எந்தப் பாடநூலிலும் இதைவிடத் தெளிவாக இராது. நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ‘ஒழுங்கற்ற வினை’ என்று கேட்டாலே நம் பிள்ளைகள் மிரள்கிறார்கள். ‘வா’ என்ற பகுதி ‘வருகிறேன்’ என்பதில் ‘வரு’ ஆகிறது, ‘வந்தேன்’ என்பதில் ‘வ’ என்று குறுகுகிறது, ‘வாரான்’ என்பதில் ‘வார்’ ஆகிறது. பள்ளியில் ‘வந்தனன்’ என்ற சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று ஆறாகப் பிரிக்கச் சொன்னால் பாதி வகுப்பு தலையைக் குனிந்துகொள்ளும். ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட ‘வாந்தேன்’ என்று பேசியதில்லை. வழக்கில் மிகுதியாகப் புழங்கும் வினைதான் பல மொழிகளிலும் இப்படித் தேய்ந்தும் திரிந்தும் நிற்கும்.

எதிர்காலத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ‘தெனேர்’ என்ற முழு வடிவத்தோடு ஆபேர் என்ற அந்தப் பழைய வினையின் ‘ஏ’ சேர்ந்து எதிர்காலம் ஆனது. 1492இல் ஸ்பானிய இலக்கணம் எழுதிய அந்தோனியோ தே நெப்ரிஹா இந்தச் சேர்க்கையை அப்போதே கண்டு சொல்லியிருக்கிறார். நடுவில் இருந்த எகரம் விழுந்ததும் ன் என்பதும் ர் என்பதும் நேருக்கு நேர் மோதின. அந்த மோதலில் இடையே ஒரு த் முளைத்துத் ‘தெந்த்ரே’ ஆயிற்று. இது நமக்குப் புதிதன்று. ‘நின்றான்’, ‘கன்று’ என்று எழுதிவிட்டு வாசிக்கும்போது ன் என்பதற்கும் ற் என்பதற்கும் இடையில் எழுதாத ஒரு டகர ஒலியை நம் நாக்கு வைக்கிறதா இல்லையா?

அரசலாறு

ஐயா, வைத்திருத்தல் என்ற உங்கள் வழி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை எங்கும் இழுத்துக்கொண்டு போக முடியாது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பது ஸ்பானியத்தில் ‘தெங்கோ ஆம்ப்ரே’. ‘நான் பசி வைத்திருக்கிறேன்’ என்று யார் நினைப்பார்கள்? பிரெஞ்சிலும் இதே கதைதான். அவர்கள் உடைமைக்குரிய ‘அவ்வார்’ என்ற வினையைப் போட்டுப் பசியையும் தாகத்தையும் வயதையும் சொல்வார்கள். இந்தப் பட்டியலைக் கடைசியில் மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்று. ‘எனக்கு’ என்று வந்தால் எல்லாம் தெனேர் ஆகிவிடாது. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பது ‘மே கூஸ்தா’. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பது ‘மே துவேலே லா கபேசா’. அங்கே ஸ்பானியமே தமிழ் மாதிரிதான் நடக்கிறது: தலைதான் எழுவாய், எனக்கு என்பது எனக்கு. உங்கள் முறையைப் பிடித்துக்கொண்டு தங்கை அங்கும் ‘தெங்கோ’ என்று தொடங்கினால் யார் பொறுப்பு?

வெண்ணாறு

ஒப்புக்கொள்கிறேன், நல்ல தடை. பசி, தாகம், தூக்கம், குளிர், வெக்கை, பயம், அவசரம், வயது, ‘சொல்வது சரி’ என்னும் நியாயம் வரை தெனேரோடு வரும் சொற்களைத் தனியே எழுதி வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் இங்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தின் வழியாகக் கற்கிறவர்கள், பசியை ஓர் உரிச்சொல்லாக எண்ணி, ‘நான் பசித்தவன்’ என்பதுபோல் ‘ஆகு, இரு’ என்று பொருள்படும் இணைப்பு வினையைக் கொண்டுவந்து வைப்பார்கள். வயதைச் சொல்லும்போது ‘நான் இருபத்தைந்து ஆண்டுகள்’ என்று தங்களையே ஆண்டுகளாக்கிக்கொள்வார்கள். தமிழனுக்குப் பசி ஒரு பெயர்ச்சொல் என்பது இயல்பாகத் தெரியும். ‘எனக்கு இருபத்தைந்து வயது’ என்றுதான் நாம் சொல்கிறோம். அவர்கள் ‘தெங்கோ வெயின்தி சீங்கோ ஆஞோஸ்’ என்று இருபத்தைந்து ஆண்டுகளைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். பெயர்ச்சொல் என்பதால்தான் ‘மிகுந்த பசி’ என்பதற்கு ‘மூச்சா ஆம்ப்ரே’ வரும். ‘முய் ஆம்ப்ரே’ வராது. தம் வகுப்பில் பலரும் மதிப்பெண் இழப்பது இந்த ‘முய்’ என்ற சொல்லில்தான் என்று என் மருமகள் சொல்கிறார். அவர் மாட்ரிட்டில் பெரியவர்களுக்கு மொழி கற்பிக்கிறார்.

அக்கினியாறு (பேராவூரணி)

இதுவரை நிகழ்காலத்தை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு உயிரை வாங்கியது இறந்தகாலம். தெனேருக்கு இறந்தகாலம் இரண்டு: ‘தெனீயா’ என்று ஒன்று, ‘தூவே’ என்று ஒன்று. முதலாவது நீடித்திருந்த நிலை. இரண்டாவது நடந்து முடிந்த நிகழ்ச்சி. இதைப் பத்து முறை படித்தும் ஏறவில்லை. எங்கள் தோப்பை வைத்து யோசித்தபோதுதான் ஏறியது.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியலுக்கு முன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் ஊரைக் கடந்து போயிற்று. அதற்கு முன் எங்களுக்கு நூற்று இருபது தென்னை இருந்தன. ‘இருந்தன’ என்பது ஒரு நாள் செய்தி இல்லை, என் தாத்தா வைத்த நாள் முதல் நீடித்த நிலை. ஆகவே ‘தெனீயாமோஸ்’. காலையில் போய்ப் பார்த்தபோது தொண்ணூறுக்கு மேல் வேரோடு சாய்ந்தோ நடுவில் முறிந்தோ கிடந்தன. விழுந்த மரங்களை அறுத்து அகற்ற வேண்டியதாயிற்று. அது நடந்து முடிந்தது: ‘தூவிமோஸ் கே கொர்தார்’. தெனேரோடு ‘கே’ சேர்ந்தால் நம்முடைய ‘வேண்டும்’ என்ற கடமைப் பொருள் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது நுணுக்கத்தைப் பாருங்கள். ‘தெனீயாமோஸ் கே கொர்தார்’ என்றால் ‘அறுக்க வேண்டியிருந்தது’. அறுத்தோமா இல்லையா என்பது அந்தச் சொல்லில் இல்லை. ஆள் கிடைக்காமல் விட்டிருக்கலாம். ‘தூவிமோஸ் கே கொர்தார்’ என்றால் ‘அறுக்க வேண்டியதாயிற்று’. அறுத்தே விட்டோம். ‘வேண்டியிருந்தது’, ‘வேண்டியதாயிற்று’ என்ற இந்த இரண்டின் வேறுபாட்டைப் பிறந்ததிலிருந்து பேசி வருகிறோம். ஸ்பானியப் பாடநூல் அதை மூன்று பக்கம் விளக்குகிறது. அந்த மூன்று பக்கத்தையும் ஆங்கிலத்தில் படித்ததால்தான் எனக்கு ஆறு மாதம் வீணானது.

எதிர்மறையிலும் கவனம் தேவை. ‘நோ தியெனெஸ் கே ஈர்’ என்றால் ‘நீ போக வேண்டியதில்லை’ என்பதே நேர்ப்பொருள். ‘போகக் கூடாது’ என்று எடுத்துக்கொண்டு விடாதீர்கள். நான் அப்படி எடுத்துக்கொண்டு ஒரு பயிற்சித் தேர்வில் முழுக் கேள்வியையும் தவறவிட்டேன்.

கடுவையாறு

பேராவூரணி நண்பரின் எடுத்துக்காட்டைப் படித்ததும் சற்று நேரம் எழுதத் தோன்றவில்லை. எங்கள் பக்கமும் அன்று அப்படித்தான் இருந்தது.

ஏவல் வடிவத்தை யாரும் சொல்லவில்லை. அது மிகச் சிறிய சொல்: ‘தென்’. மரியாதையாகச் சொன்னால் ‘தெங்கா’. கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டும்போது அதைச் சொல்வார். முதல் முறை கேட்டபோது ‘வைத்துக்கொள்’ என்கிறாரே, மீதியை எனக்கே விட்டுக்கொடுக்கிறாரோ என்று நினைத்தேன். அப்படியில்லை, நம் பேருந்தில் நடத்துநர் பயணச்சீட்டைக் கிழித்து நீட்டியபடி ‘இந்தாங்க, பிடிங்க’ என்கிறாரே, அதுதான். ஐயா சொன்ன ‘பிடித்திரு’ என்ற பழைய லத்தீன் பொருள் அந்த ஒரு சொல்லில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

வாக்கியம் பழக, வீட்டில் உள்ள பொருள்களிலிருந்து தொடங்குங்கள். ‘தெங்கோ ஊனா மேசா’ என்றால் என்னிடம் ஒரு மேசை இருக்கிறது. 1658இல் டச்சுக்காரர்கள் பிடிக்கும் வரை எங்கள் நாகப்பட்டினத்தில் இருந்த போர்த்துக்கீசியர்களின் மொழி நமக்கு விட்டுச்சென்ற சொற்களில் ஒன்று மேசை. ஸ்பானியத்திலும் அதே ‘மேசா’தான். அலமாரி ‘அர்மாரியோ’ ஆகும். சாவி மட்டும் ‘யாவே’ என்று சற்று விலகிப்போகும்; ஜன்னலுக்கு அங்கே முற்றிலும் வேறு சொல்.

ஓடம்போக்கி

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் எங்கள் ஊரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். திருவாரூரில் பெரிய கோயில் இருக்கிறது, குளம் இருக்கிறது என்று சொல்ல நினைத்து, “என் மி புவேப்லோ தியெனே உன் தெம்ப்லோ” என்று தொடங்கினேன். மறுபடியும் பிழை. ஊர் ‘இல்’ என்ற உருபோடு வந்தால் தெனேர் வராதாம்.

வெண்ணாறு

வராது. நம்முடைய ‘இருக்கிறது’ என்ற ஒற்றைச் சொல் அங்கே மூன்று வீடுகளில் குடியிருக்கிறது. ஊரில் ஒரு கோயில் இருக்கிறது என்று இருப்பை மட்டும் அறிவித்தால் ‘ஆய்’. அதுவும் ஆபேர் என்ற பழைய வினையின் மிச்சம்தான். அந்தக் கோயில் குளத்தின் கிழக்கே இருக்கிறது என்று இடத்தைச் சொன்னால் ‘எஸ்தா’. ஊரையே எழுவாயாக்கி, அது ஒரு கோயிலைக் கொண்டிருக்கிறது என்றால் மட்டும் ‘தியெனே’. ஆகவே ‘என் மி புவேப்லோ ஆய் உன் தெம்ப்லோ’ என்றும் சொல்லலாம், ‘என்’ என்ற முன்னிடைச்சொல்லை எடுத்துவிட்டு ‘மி புவேப்லோ தியெனே உன் தெம்ப்லோ’ என்றும் சொல்லலாம். இரண்டையும் கலந்தால்தான் பிழை. ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி’ என்று உங்கள் ஊரைப் பற்றிச் சொல்வார்களே, அதை அவர்களிடம் சொல்லும்போது வேலி என்ற அளவுக்கு என்ன செய்வீர்கள் என்பது உங்கள் கவலை.

அக்கினியாறு

இன்னொரு பயன்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். இது வைத்திருத்தல் என்ற ஐயாவின் வழிக்கு வலுச் சேர்ப்பது. ‘கடிதம் எழுதியிருக்கிறேன்’ என்பது ‘ஏ எஸ்க்ரீதோ லா கார்தா’. அதையே ‘கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன்’ என்று, வேலை முடிந்து பொருள் தயாராக இருக்கிறது என்னும் பொருளில் சொல்ல வேண்டுமானால் ஸ்பானியத்திலும் தெனேர் வருகிறது. சமைத்து வைத்திருக்கிறேன், வாங்கி வைத்திருக்கிறேன், முடித்து வைத்திருக்கிறேன் எல்லாமே அந்த வழியில் சொல்லலாம்.

அரசலாறு

இது எனக்கே புதிது. மனப்பாடக் கட்சியிலிருந்து பாதி விலகுகிறேன்.

ஓடம்போக்கி

அடுத்த மாதம் தேர்வு எழுதச் சென்னைக்குப் போக வேண்டும். ரயில் டிக்கெட் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், துணைக்கு அப்பா வருகிறார். முயன்று பார்க்கிறேன்: “தெங்கோ கொம்ப்ராதோ லோஸ் பொலேத்தோஸ்.” சரியா?

வெண்ணாறு

நெருங்கிவிட்டீர்கள், அம்மா. ஆபேரோடு வந்தால் ‘கொம்ப்ராதோ’ எப்போதும் மாறாமல் நிற்கும். தெனேரோடு வந்தால் அது பொருளைப் பார்த்துப் பாலும் எண்ணும் ஏற்க வேண்டும். டிக்கெட்டுகள் ஆண்பால் பன்மை. எனவே ‘தெங்கோ கொம்ப்ராதோஸ் லோஸ் பொலேத்தோஸ்’. நண்பர் சொன்ன கடிதம் பெண்பால் ஒருமை என்பதால் ‘தெங்கோ எஸ்க்ரீதா லா கார்தா’. இன்னொன்று, பொலேத்தோ என்பது மெக்சிகோ வழக்கு. மாட்ரிட்டில் என் பேரன் ‘பியேத்தே’ என்கிறான். உங்கள் தேர்வில் இரண்டையும் ஏற்றுக்கொள்வார்கள்.